பாரம் இப்ப எதில நிக்குது? – சிறிய வானின் முன் கொயில் ஸ்பிரிங்கைக் கழற்றும் முறை

மட்டக்களப்பில், கல்லடிப் பக்கம் கடலோடு ஒட்டி நிற்கும் வான்களுக்கு ஒரு பொதுவான நோய் உண்டு. முன் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, கீழ்த்தட்டில் உட்காரும் இடத்தில், சேற்றிலும் உப்புக் காற்றிலும் ஊறி, பெயின்ட் உரிந்து, துரு தின்று ஒருநாள் ‘டக்’ என்று முறியும். ஓட்டுகிறவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. வான் ஒரு பக்கம் இரண்டு விரல் பதிந்திருக்கும். குழியில் விழுந்தால் இரும்பு இரும்போடு தட்டும். பிறகு முறிந்த நுனி டயரின் உட்பக்கத்தை உரசத் தொடங்கும். அப்போதுதான் கராஜ் தேடுவார்கள்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஓடும் வான்களுக்கு வேறு கதை. பெரும்போக அறுவடைக் காலத்தில் ஆள் ஏற்றும் வானில் நெல் மூட்டை ஏறும். கிறவல் பாதையில் மழை தோண்டிய குழிகள் வேறு. அங்கே ஸ்பிரிங் முறிவது குறைவு, களைத்துப் பதிந்துபோவதுதான் அதிகம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பல வருடம் பழைய வான்களையே எல்லோரும் திருத்தித் திருத்தி ஓட்டினோம். அதனால் இந்த வேலையைத் தாங்களே செய்து பார்க்கலாமா என்று கேட்கும் பொடியன்மார் கூடிவிட்டார்கள். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

செய்யலாம். ஆனால் வானில் நீங்கள் தொடும் மற்ற எந்தப் பாகமும் இப்படி அமுங்கிக் காத்திருக்காது. நான் வேலை பழகிய கராஜில் பாஸ் சுத்தியல் பிடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்னமே ஒரு கேள்வியைப் பழக்கினார். ஒவ்வொரு நட்டில் கை வைக்கும்போதும் பின்னால் நின்று கேட்பார்: “பாரம் இப்ப எதில நிக்குது மனே?” பதில் சொல்லத் தெரியாவிட்டால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் போகப் போகிறது.

உங்கள் வானில் முதலில் கொயில் இருக்கிறதா?

சிரிக்க வேண்டாம். ஹயஸ் வைத்திருக்கும் ஒருவர் ‘முன் கொயில் ஸ்பிரிங் மாற்ற வேணும்’ என்று வந்து நிற்பது வழமை. டொல்பின் என்று நாம் சொல்லும் ஹயஸிலும், அதற்குப் பின் வந்த கேடிஎச்சிலும் முன்பக்கம் கொயிலே கிடையாது. நீளவாக்கில் ஓடும் ஒரு முறுக்குக் கம்பி, அதாவது டோர்ஷன் பார், அந்த வேலையைச் செய்கிறது. அதன் உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு போல்ட் இருக்கும். அது வேறு வேலை, இதிலே வராது. பட்டா என்று நாம் சொல்லும் சின்ன டாட்டா லொறியில் முன்னாலும் பிளேட் ஸ்பிரிங்தான்.

சுசுகி எவ்ரி, மாருதி ஒம்னி, டொயோட்டா நோவா போன்றவற்றில் முன்பக்கம் கொயிலும், துள்ளலை அடக்கும் சொக்கும் (ஷொக் அப்சோபர்) ஒன்றாகச் சேர்ந்த ஒரு தூண் இருக்கும். அதைத்தான் ஸ்ட்ரட் என்கிறோம். ஃபோர்ட் கம்பனியில் வேலை செய்த ஏர்ல் மக்பேர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் பெயர்தான் இந்த அமைப்புக்கு. 1950இல் வந்த ஃபோர்ட் கொன்சல் கார் இதைப் பரவலாக்கியது. இடம் குறைவு, பாகங்கள் குறைவு, செலவு குறைவு. சின்ன வானுக்கு அதுதானே வேண்டும்.

கண்டுபிடிப்பது இலேசு. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக வெட்டி நிறுத்துங்கள். டயருக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பாருங்கள். சொக்கைச் சுற்றிக் கொயில் ஏறி, மேலே வானின் பொடியோடு (உடம்போடு) போய் முட்டினால் அது ஸ்ட்ரட். இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

கொயில் தனியாக, கீழ் ஆமுக்கும் (சில்லைச் செசியோடு இணைக்கும் இரும்புக் கைக்கும்) செசிக்கும் இடையில் நசுங்கி நின்றால், கட்டுரையை இதோடு மூடிவிட்டு அனுபவம் உள்ளவரிடம் போங்கள். அந்த அமைப்பில் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது கீழ் ஆம்தான். ஆமின் நுனியில் இருக்கும் போல் ஜொயின்ட் கழன்ற நொடியில் ஆம் கீழே அடிக்கும், ஸ்பிரிங் வெளியே பாயும். வாசித்துவிட்டுச் செய்கிற வேலை அல்ல அது.

ஒரு தேங்காய்க் கணக்கு

பயம் காட்ட அல்ல, அளவு தெரிந்திருக்க ஒரு கணக்கு. ஒரு சின்ன வானின் முன் ஸ்பிரிங்கை 1 மில்லிமீற்றர் அமுக்க இரண்டரைக் கிலோப் பாரம் தேவை என்று வைத்துக்கொள்வோம். ரொபர்ட் ஹூக் 1678இல் அச்சில் வெளியிட்ட விதிப்படி, எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவுக்கு எதிர்த்துத் தள்ளும். 100 மில்லிமீற்றர் அமுக்கினால் 250 கிலோ. அதாவது ஐந்து சீமெந்துப் பக்கற்றின் பாரம், உங்கள் இரண்டு கைக்கும் நடுவில்.

அமுங்கிய ஸ்பிரிங்கில் சேர்ந்திருக்கும் சக்தி, ஒன்றரைக் கிலோத் தேங்காய் ஒன்று 27 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். எங்கள் ஊரில் தென்னைக்குக் கீழே கட்டில் போட்டு யாரும் படுப்பதில்லை. இதற்கும் அதே மரியாதை கொடுத்தால் போதும்.

நான் பழகிய இடத்தில் தகரக் கூரையில் ஒரு கிழிசல் இருந்தது. நான் சேருவதற்கு முன் நடந்தது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கொம்பிரஸரின் கொக்கி வழுக்கி, ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் மேல் மவுண்ட் கூரையைக் கிழித்துக்கொண்டு போனதாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆட்கள் பக்கவாட்டில் நின்றதால். மழை பெய்தால் அந்த இடத்தால் ஒழுகும். பாஸ் அதை அடைக்கவே இல்லை.

சாமான்

ஹைட்ரோலிக் ஜக் ஒன்று, இரண்டு ஸ்டாண்ட், பின் சில்லுக்கு அண்டை கொடுக்கக் கட்டைகள், சொக்கட் செட், ரிங் ஸ்பானர்கள், எலன் கீ, கம்பித் தூரிகை, துரு இளக்கும் ஸ்பிரே, வெள்ளைப் பெயின்ட் பேனா, டோர்க் ரெஞ்ச், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. காலுக்குச் சப்பாத்து. சாரத்தோடும் ரப்பர் செருப்போடும் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம். கொம்பிரஸரின் திருகில் சாரத்தின் நுனி சுற்றிக்கொள்ளும், ஸ்ட்ரட் காலில் விழுந்தால் செருப்பு ஒன்றும் தடுக்காது.

சீமெந்துப் புளொக் கல்லை வானுக்கு அண்டை கொடுக்க வேண்டாம். அது பார்க்கத்தான் உறுதி. ஒரு புள்ளியில் பாரம் ஏறினால் சத்தமே இல்லாமல் பொடியாகிப் போகும். ஸ்டாண்ட் இல்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை.

ஸ்பிரிங் கொம்பிரஸரைப் பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்குக் கிடைப்பது இரட்டையாக வரும் நீளத் திருகு வகை. ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் கொக்கி, நடுவில் ஒரு நீளப் போல்ட். வாங்கினாலும் இரவல் எடுத்தாலும் முதலில் வெயிலில் பிடித்துப் பாருங்கள். திருகு வளைந்திருக்கிறதா? புரி தேய்ந்து மினுங்குகிறதா? கொக்கியின் உள்வளைவில் மயிரிழை வெடிப்பு உண்டா? ஸ்பிரிங் வழுக்காமல் தடுக்கும் ஊசியோ பூட்டோ இருக்கிறதா? இதில் ஒன்று பிழைத்தாலும் அதை வைத்து வேலை செய்யக் கூடாது. நல்லதாக இருந்தால் புரியைத் துடைத்துக் கிறீஸ் பூசுங்கள். காய்ந்த புரியில் திருகும்போது பாதிப் பலம் உரசலுக்கே போய்விடும், எவ்வளவு இறுக்கம் ஏறியிருக்கிறது என்று கைக்குத் தெரியாது.

புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறொன்றும் உண்டு. ஸ்ட்ரட்டை முழுதாக வானிலிருந்து கழற்றுவதை வீட்டில் செய்யுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றுவதை மட்டும், சுவரிலோ மேசையிலோ பூட்டிய பெரிய கொம்பிரஸர் உள்ள கராஜில் கொடுத்துச் செய்வியுங்கள். மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் தேடினால் அப்படியான கராஜ் கிடைக்கும். கூலியில் பெரும்பகுதி மிச்சமாகும், ஆபத்தில் பெரும்பகுதி அவர்கள் பக்கம் போய்விடும். ஸ்பிரிங் முறிந்திருந்தால் இது ஆலோசனை அல்ல, கட்டாயம். முறிந்த துண்டு அமுக்கும்போது எந்தப் பக்கம் புரளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தூக்குவது

வேலைக்கு முதல்நாள் மாலையில் ஒரு வேலை இருக்கிறது. சமநிலமான இடத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் சரியான காற்று வைத்து, சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட்டின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். பிறகு ஸ்ட்ரட்டின் எல்லா நட் போல்ட்டின் புரியையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கி அடித்து விடுங்கள். விடியும்போது அது பாதி வேலையை முடித்திருக்கும். பிரேக் டிஸ்க்கில் மட்டும் படாமல் பாருங்கள்.

அடுத்தது நிலம். காத்தான்குடியிலும் கல்லடியிலும் பல வளவுகளில் வெறும் கடல்மணல்தான். மணலில் ஜக் அடிக்கும்போது ஏறுவது போலத் தெரியும். உண்மையில் ஜக் கீழே போகிறது, வான் சரிகிறது. சீமெந்துத் தரை கிடைக்காவிட்டால் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத தடிப்புள்ள அகலமான பலகையை ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே போடுங்கள். மழை பெய்து ஊறிய நிலத்தில் பலகையும் போதாது. காத்திருங்கள்.

கைப் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன் சில்லு நட்டுகளைச் சில்லு நிலத்தில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்குங்கள். பிறகு ஜக்கை அதற்குரிய இடத்தில் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டைச் செசியின் உறுதியான இடத்தில் வையுங்கள். கீழ் ஆமில் அல்ல, ஏனென்றால் ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது அது அசைய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி முறுகி நிற்கும், அதன் லிங்க்கைக் கழற்றும்போது பாயும். முன்பக்கம் இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்கினால் அந்தத் தொல்லை இல்லை.

ஜக்கை மெதுவாக இறக்கிப் பாரத்தை ஸ்டாண்டில் இருத்துங்கள். பாரம் இப்ப எதில நிக்குது? ஸ்டாண்டில். உறுதியா? வானின் பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் தள்ளி உலுக்குங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும் இப்போதே விழட்டும். பிறகு சில்லைக் கழற்றி, தரையில் படுக்க வைத்து வானின் அடியில் தள்ளிவிடுங்கள். ஸ்டாண்ட் ஏமாற்றினால் சில்லு தாங்கும்.

ஸ்ட்ரட்டை இறக்குவது

கைபேசியால் நாலைந்து படம் எடுங்கள். பிரேக் குழாயையும் ஏபிஎஸ் வயரையும் ஸ்ட்ரட்டோடு பிடித்திருக்கும் கிளிப்புகளை முதலில் விடுவியுங்கள். பிறகு ஸ்டெபிலைசர் லிங்க் நட். அது சுற்றச் சுற்ற நடுக்கம்பியும் கூடவே சுற்றும். நடுவில் இருக்கும் ஆறுகோணக் குழியில் எலன் கீயைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு வெளி நட்டைத் திருப்ப வேண்டும்.

ஸ்ட்ரட்டின் கீழ்ப்பகுதி, சில்லைத் தாங்கும் நக்கிளோடு இரண்டு பெரிய போல்ட்டால் பூட்டியிருக்கும். இவற்றின் நிலைதான் சில்லின் சாய்வைத் தீர்மானிக்கிறது. கழற்றுமுன் போல்ட் தலையைச் சுற்றியும் ஸ்ட்ரட்டின் விளிம்பிலும் வெள்ளைப் பேனாவால் கோடு போடுங்கள். பிறகு ஜக்கைக் கீழ் ஆமுக்கு அடியில் கொண்டுவந்து, தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். பாரம் இப்ப எதில நிக்குது? வான் ஸ்டாண்டில், ஆமும் நக்கிளும் ஜக்கில், ஸ்பிரிங் தன் சொந்த ஸ்ட்ரட்டுக்குள்ளே மேல் நட்டில். இந்த மூன்றும் தெளிவாக இருந்தால் தொடருங்கள்.

போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். சில போல்ட்டின் கழுத்தில் பல் இருக்கும், தலையைத் திருப்பினால் துளை கெட்டுவிடும். நட் வந்த பிறகும் போல்ட் வர அடம்பிடித்தால் அலவாங்கு எடுக்க வேண்டாம். நட்டை நாலு புரி திருப்பி ஏற்றி, அதன் மேல் மரத்துண்டு வைத்துத் தட்டுங்கள். இரண்டு போல்ட்டும் வந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சரியும். அது பிரேக் குழாயில் தொங்கக் கூடாது. கம்பியாலோ தடித்த கயிற்றாலோ செசியோடு கட்டி விடுங்கள்.

இனி மேல்பக்கம். பொடியோடு ஸ்ட்ரட்டைப் பிடித்திருக்கும் இரண்டோ மூன்றோ நட் இருக்கும். சில வானில் பொனட்டைத் திறந்தால் தெரியும், சிலதில் ஒரு மூடியை எடுக்க வேண்டியிருக்கும். இவற்றுக்கு நடுவில் ஒரு பெரிய தனி நட் நிற்கும்.

அந்த நடு நட்டைத் தொட வேண்டாம்.

வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சுற்றி இருக்கும் சின்ன நட்டுகள் ஸ்ட்ரட்டை வானோடு பிடிக்கின்றன. நடு நட் ஸ்பிரிங்கை ஸ்ட்ரட்டோடு பிடிக்கிறது. சில்லு தொங்கும்போதும் அந்த ஸ்பிரிங் முழுதாக விரிந்து நிற்பதில்லை, நடு நட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. புதியவர் ஒருவர் மேலே பார்த்தால் முதலில் கண்ணில் படுவது இந்தப் பெரிய நட்தான், கையும் முதலில் அங்கேதான் போகும். ஒரு துணியைச் சுற்றியோ பெயின்ட் அடித்தோ அதை அடையாளப்படுத்தி வையுங்கள். நான் இன்றைக்கும் செய்கிறேன்.

சின்ன நட்டுகளை இளக்கி, கடைசி ஒன்றைக் கழற்றும்போது கீழே ஒருவர் ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அது பாரமான சாமான், நழுவினால் பிரேக் குழாயை அறுத்துக்கொண்டு விழும். இறக்கியதும் கராஜுக்கு அனுப்புவதாக இருந்தால் இப்படியே கொண்டு போகலாம். நடு நட் இறுகி இருக்கும்வரை ஸ்பிரிங் தன் கூட்டுக்குள்தான் இருக்கும். மவுண்ட்டோ நட்டோ துருவில் உதிரும் நிலையில் இருந்தால் மட்டும் சங்கிலியால் கட்டிக் கொண்டு போங்கள்.

கொம்பிரஸர் போடும் நேரம்

நீங்களே செய்வதாக முடிவெடுத்தால், இந்த இடத்தில் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். களைப்போடும், இருட்டும் நேரத்திலும், ‘கெதியா முடிச்சுப் போவம்’ என்ற மனத்தோடும் செய்யும் வேலை அல்ல. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், சிறுபிள்ளைகள் வளவிலேயே இருக்கக் கூடாது. கூட நிற்பவருக்கு அம்புலன்ஸ் இலக்கம் 1990 என்பது தெரிந்திருக்கட்டும்.

ஸ்ட்ரட்டை வைஸில் பிடியுங்கள். சொக்கின் குழாயை நேராக நெரிக்காமல் கீழ்ப் பூட்டும் தகட்டில் பிடிக்க வேண்டும். வைஸ் இல்லாவிட்டால் தரையில் சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள். ஸ்ட்ரட்டின் இரண்டு நுனியும் யாரையும் பார்க்கக் கூடாது. ஒன்று சுவரைப் பார்க்கட்டும், மற்றது வெறும் வெளியை. நீங்கள் எப்போதும் பக்கவாட்டில்.

அமுக்குவதற்கு முன் அடையாளம் போடுங்கள். ஸ்பிரிங்கின் கீழ் நுனி தட்டில் எந்தப் பள்ளத்தில் முட்டி நிற்கிறது, மேல் மவுண்ட் எந்தப் பக்கம் பார்க்கிறது, இரண்டுக்கும் வெள்ளைக் கோடு.

இரண்டு கொம்பிரஸரையும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கத்தில் வையுங்கள். நேர் எதிர். ஒன்று கொஞ்சம் விலகினாலும் ஸ்பிரிங் வாழைப்பழம் போல வளைந்து, வளைந்த பக்கத்தால் கொக்கியைக் கழற்றிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். மேலும் கீழும் எத்தனை சுற்றை உள்ளே பிடிக்க முடியுமோ அத்தனையும் பிடியுங்கள். இரண்டே சுற்றைப் பிடித்தால் அந்த இரண்டும் ஒட்டி நிற்கும், ஸ்பிரிங் இளகாது. கொக்கி கம்பியில் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும், நுனியில் தொங்கக் கூடாது. பூட்டு ஊசிகள் போட்டாயிற்றா? போட்டதும் ஒரு சங்கிலியையோ லொறிக்குப் பாரம் கட்டும் பட்டியையோ ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்குள்ளால் கொடுத்துச் சுற்றிக் கட்டுங்கள். கொம்பிரஸர் விட்டால் அது வேகத்தைக் குறைக்கும்.

கையால் திருகுங்கள். காற்றுக் கன்னோ பட்டறிக் கன்னோ கொம்பிரஸரின் திருகில் வைக்கக் கூடாது. அது புரியைச் சூடாக்கித் தின்றுவிடும், கைக்கு வர வேண்டிய சேதியையும் மறைத்துவிடும். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று. மறுகா இந்தப் பக்கம். பொறுமை போகும், போகட்டும். ஒவ்வொரு தடவை பக்கம் மாறும்போதும் கொக்கிகளைப் பாருங்கள், நகர்ந்திருக்கிறதா என்று.

எதுவரைக்கும்? ஸ்பிரிங்கின் ஒரு நுனி தட்டை விட்டு விலகி, கையுறை போட்ட கையால் முழு ஸ்பிரிங்கையும் தட்டில் இடமும் வலமும் அசைக்க முடிகிற வரைக்கும். அது ஆடினால், பாரம் இப்ப எதில நிக்குது? கொம்பிரஸரில். நடு நட்டில் ஒன்றும் இல்லை. இந்தப் பதில் வந்த பிறகுதான் நடு நட். ஆடாவிட்டால் இன்னும் திருகுங்கள். ஆனால் சுற்றும் சுற்றும் முட்டிக்கொள்ளும் அளவுக்கு அல்ல. அதற்கு மேல் திருகினால் அமுங்க ஒன்றும் இல்லை, கொம்பிரஸர்தான் உடையும்.

நடுவில் ஏதாவது சத்தம் கேட்டால், கொக்கி சறுக்கியது தெரிந்தால், கையை நீட்டிப் பிடிக்கப் போகாதீர்கள். அது இயல்பாக வரும் ஆசை, அதில்தான் விரல் போகும். நிறுத்துங்கள், விலகுங்கள், பாருங்கள். பிறகு பக்கவாட்டில் நின்று நீளமான கைப்பிடியால் அதே இரண்டு இரண்டு சுற்றாகத் தளர்த்தி முதலிலிருந்து தொடங்குங்கள். நடு நட் இன்னும் போட்டபடி இருப்பதால் ஸ்பிரிங் திரும்ப அதில் போய் முட்டி நிற்கும்.

ஆடுகிறதா? நடு நட்டைக் கழற்றலாம். சொக்கின் கம்பி கூடச் சுற்றும். அதன் தலையில் எலன் கீக்கோ சாவிக்கோ இடம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு வளைந்த ரிங் ஸ்பானரால் நட்டைத் திருப்புங்கள். கம்பியைப் பிளையரால் கவ்வினால் மினுங்கும் உடம்பில் கீறல் விழும், அந்தக் கீறல் சீலைக் கிழிக்கும், இரண்டு மாதத்தில் ஒயில் கசியும். நட், மவுண்ட், பெயாரிங், மேல்தட்டு, ரப்பர் ஸ்டொப்பர் என்று வருகிற ஒழுங்கிலேயே ஒரு சாக்கின் மேல் வரிசையாக வையுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மேலே.

இப்போது ஸ்பிரிங்கை மேலே உருவி எடுக்கலாம். அமுங்கிய ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், தட்டாதீர்கள், அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடவும் போகாதீர்கள். ஒரு மூலையில், நுனிகள் சுவரைப் பார்க்கப் படுக்க வைத்து, திருகிய அதே முறையில் மாறி மாறித் தளர்த்துங்கள். கொக்கிகள் தானாகக் கழன்று விழும் நிலை வந்தால்தான் அந்த ஸ்பிரிங்கோடு உங்கள் கொடுக்கல் வாங்கல் முடிந்தது.

இவ்வளவும் தேவையில்லை, கம்பியால் ஸ்பிரிங்கை நாலு இடத்தில் கட்டி, பாரத்தோடு நட்டைக் கழற்றலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்து தப்பியவர்களும் இருக்கிறார்கள். காஸ் வெல்டிங்கால் சூடுகாட்டித் தளர்த்துவது, உயரம் குறைக்க ஒரு சுற்றை வெட்டிவிடுவது எல்லாம் அதே வகை. சூடுபட்ட ஸ்பிரிங் உருக்கு தன் பதத்தை இழந்துவிடும். பிறகு அது பதியும், இல்லாவிட்டால் முறியும்.

புதியதைப் போடுவது

பழையதையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கம்பியின் தடிப்பு, சுற்றுகளின் எண்ணிக்கை, எந்த நுனி மேலே என்பது. பழையது உயரம் கொஞ்சம் குறைந்திருப்பது இயல்பு, அது பதிந்துதானே வந்தது. எப்போதும் இரண்டு பக்கமும் சோடியாக மாற்றுங்கள். கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பாவித்த ஸ்பிரிங் என்றால் கடைசிச் சுற்றின் துருவை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட் அடித்து மறைத்த துருவை நான் வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

கைவசம் ஸ்ட்ரட் இருக்கும்போதே சொக்கின் கம்பியை அமுக்கிப் பாருங்கள். ஒரே சீராகப் போக வேண்டும். நடுவில் வெறுமையாக வழுக்கினாலோ உடம்பில் ஒயில் கசிவு தெரிந்தாலோ சொக்கையும் மாற்றுங்கள், இதே வேலையை ஆறு மாதத்தில் திரும்பச் செய்ய யாருக்கும் விருப்பம் இருக்காது. மேல் பெயாரிங்கைச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போல இருந்தால் அதுவும் போகட்டும். ஸ்டியரிங் வெட்டும்போது ஸ்பிரிங் ‘டொங்’ என்று துள்ளும் சத்தம் பெரும்பாலும் இதில்தான் பிறக்கும்.

பூட்டுவது கழற்றியதன் தலைகீழ்தான். புதிய ஸ்பிரிங்கை அதே கவனத்தோடு அமுக்குங்கள். கீழ் நுனி தட்டின் பள்ளத்தில் முட்டி நிற்க வேண்டும். நடு நட் புதியதாக இருக்க வேண்டும், பழைய பூட்டு நட் ஒருமுறை கழன்றால் அதன் பிடி போய்விடும். நட்டை முழுப் புரியும் பிடிக்க ஏற்றி இறுக்கிய பிறகுதான் கொம்பிரஸரைத் தளர்த்துவது. தளர்த்தும்போது நுனி பள்ளத்தை விட்டு நழுவுகிறதா என்று இரண்டு மூன்று தடவை பாருங்கள்.

வானில் ஏற்றும்போது எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் பிடிக்க விட்டு, பிறகு இறுக்குங்கள். நக்கிள் போல்ட் இரண்டும் வெள்ளைக் கோட்டுக்கு வர வேண்டும். டோர்க் அளவு, அதாவது எவ்வளவு இறுக்குவது என்பது, மொடலுக்கு மொடல் வேறு, உங்கள் வானின் கைநூலில் இருப்பதையே பிடியுங்கள். ரப்பர் புஷ் உள்ள ஆம் போல்ட் எதையாவது இளக்கியிருந்தால், வானை நிலத்தில் இறக்கிய பிறகு கடைசி இறுக்கல். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே வாழும், சீக்கிரம் கிழியும். சில்லு நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். வானை எடுக்குமுன் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து, பெடல் உறுதியாக நிற்கிறதா என்று பாருங்கள்.

முதலில் வளவுக்குள், பிறகு சன நடமாட்டம் குறைந்த தெருவில் மெதுவாக. சத்தம் இல்லையென்றால் நேரே எலைன்மென்ட்டுக்கு. கோடு போட்டுத்தானே பூட்டினேன் என்று விட்டுவிட்டால் அந்தக் கோட்டின் தடிப்பளவு பிழையே புது டயரின் ஓரத்தைத் தின்னப் போதும். நூறு கிலோமீற்றர் ஓடியபின் எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஒரு கிழமை கழித்து, முதல்நாள் அளந்த அதே இடத்தில் வானை நிறுத்தி மட்கார்ட் உயரத்தைத் திரும்ப அளந்து, எழுதி வைத்த கணக்கோடு ஒப்பிடுங்கள்.

கொம்பிரஸர் இரவல் என்றால் புரியைத் துடைத்துக் கிறீஸ் பூசிக் கொடுங்கள். கொக்கி கொஞ்சம் விரிந்ததாகவோ திருகு இறுகி இறுகிப் போனதாகவோ தோன்றியிருந்தால் அதையும் சொல்லிக் கொடுங்கள். அடுத்து வாங்கிக்கொண்டு போகிறவர் அதை வெயிலில் பிடித்துப் பார்ப்பாரா என்று உங்களுக்குத் தெரியாது.